தங்கச்சிக்கு விட்ட இடம்

தங்கச்சியின் வளைகாப்புக்காக நான் கீழ்புத்துப்பட்டில் ஒரு வீடு பிடித்தேன். வீடு என்றால் ஒரே அறை. மேலே சிமெண்ட் ஷீட், பின்னால் குளிக்க ஒரு மறைப்பு. அதற்கு முன் நான் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்ட இடம் எதுவும் கிடையாது. ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து ஓட்டல், செங்கல் சூளை, மீன் வண்டி, குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் என்று வேலை செய்த இடத்திலேயே படுத்து எழுந்தவன். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். வளைகாப்பு முடிந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். எங்களுக்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லாததால் அதை வாடகைக்குப் பிடித்தேன்.

நானே சுண்ணாம்பு அடித்தேன். காய்ந்ததும் வாசலிலிருந்து உள்ளே மெதுவாக நடந்துபோய் ஒரு வீடியோ எடுத்தேன். அதற்குப் பாட்டு சேர்த்து, "நம்ம வீடு" என்ற எழுத்து ஒவ்வொன்றாக மேலிருந்து விழுகிற மாதிரி செய்து தங்கச்சிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"ண்ணா, எழுத்தெல்லாம் விழுது, சூப்பரா இருக்குது. ஃபேன் எங்க?"

அடுத்த நாள் ஃபேன் மாட்டி இன்னொரு வீடியோ அனுப்பினேன். அதை அவள் மாமியார் வீட்டில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள். "எங்க அண்ணன் வூடு" என்று சொல்லியிருக்கிறாள்.

அவள் வாழ்க்கைப்பட்டது மரக்காணத்தில், உப்பளத்து வேலைக்காரக் குடும்பத்தில். மாப்பிள்ளை மஸ்கட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் நிற்கவில்லை. மூன்றாவது தடவைக்கு முன்னால் அத்தை, அதாவது அவள் மாமியார், ஆடிப்பூரத்தன்று அம்மனுக்குச் சாத்திய பச்சைக் கண்ணாடி வளையல்களை வாங்கி வந்து இவள் கையில் போட்டார். அம்மன் வளையல் போட்டுக்கொண்டால் பிள்ளை தங்கும் என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. தங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த வளையல்களைத் தங்கச்சி கழற்றவில்லை. துணி துவைக்கும்போதுகூடக் கையைத் தூக்கித் தூக்கித்தான் துவைத்தாள்.

நான் அப்போது அதே உப்பளத்தில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "எடிட்டிங்" என்றுதான் சொல்வேன். கெஸ்ட் ஹவுஸில் இருந்தபோது வந்த ஆசை அது. தங்கியிருந்த ஒரு ஜோடி, மொட்டை மாடியில் பச்சைத் துணி கட்டி அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். டீ கொண்டுபோன நான் அவர்களின் லேப்டாப்பைப் பார்த்தேன். ஒரு பொத்தானை அழுத்தியதும் துணி இருந்த இடத்தில் பனிமலை வந்தது. டீயைக் கொடுக்க மறந்து நின்றேன். அந்தப் பெண் என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

பிறகு போனில் ஒரு ஆப் இறக்கினேன். பாடம் சொல்கிறவர்கள் எல்லோரும் இந்தியில் பேசினார்கள். எனக்கு இந்தி தெரியாது. விரல் எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பேன். செருப்பைப் பறக்க விட்டேன். உப்புக் குவியலை வெடிக்க வைத்தேன். லோடு ஏற்றுகிற ஒருவரை அவர் மூட்டையிலிருந்தே வெளியே வரவைத்தேன். அதைப் பார்த்தவர்கள் "டேய், இவன் பெரிய எடிட்டர்டா" என்றார்கள். அந்த வார்த்தை எனக்குத் தேவைக்கு மேல் பிடித்துப்போனது.

வளைகாப்புக்கு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. தங்கச்சி அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஒருநாள் மட்டும், "அவரும் நானும் ஒண்ணா உக்காந்த மாதிரி ஒரு போட்டோ இருந்தா நல்லா இருக்கும்ணா" என்றாள். போட்டோ என்றுதான் கேட்டாள். நான்தான் வீடியோ என்றேன். அண்ணன் சீர்த்தட்டு வரிசை வைத்து வரவேண்டிய இடத்தில் என்னால் ஒரு புடவையும் பழமும்தான் வைக்க முடிந்தது. மிச்சத்தை வீடியோவில் ஈடுகட்டிவிடலாம் என்று எண்ணம்.

முதலில் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவருடைய அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

"தங்கச்சிக்கு இடம் விட்டு உக்காருங்க மாப்ள."

"எவ்ளோ மச்சான் விடறது? செவுத்துல இடிக்குது."

"அவ இப்ப ரெண்டு ஆள் கணக்கு. நல்லாத் தள்ளுங்க."

பின்னால் அறையில் இருந்தவர்கள் சிரிப்பது கேட்டது. வலது கையைக் கட்டில் மேல் உள்ளங்கை தெரிய விரித்து வைக்கச் சொன்னேன். அதன் மேல் அவள் கையை நான் கொண்டுவந்து வைப்பதாகச் சொன்னேன். அவர் அப்படியே செய்தார். கூட வேலை செய்பவர்களுக்கு முன்னால், பக்கத்தில் யாருமே இல்லாமல், இல்லாத ஒரு முகத்தைப் பார்த்து அவர் சிரித்ததை நான் பல முறை ஓடவிட்டுப் பார்த்தேன்.

தங்கச்சியை அவள் வீட்டு வாசலில் எடுத்தேன். பந்தல்காரரிடம் பச்சைத் துணி வாங்கி வந்து கட்டினேன். ஒரு முக்காலிக்கும் பச்சை போர்த்தி, அதன் மேல் கையை நீட்டி வைக்கச் சொன்னேன்.

"பச்சப் புடவ கட்டிக்கட்டா? அத்தைக்கு அதான் புடிக்கும்."

"பச்சையே ஆகாது. கட்டினா மாயமாப் போயிடுவ."

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். "ஏம்பா, புள்ளத்தாச்சியப் பாத்துப் பேசற பேச்சா இது?"

"இல்ல அத்தை, வீடியோல சொல்றேன்."

"எதுல சொன்னாலும் சொல்லாத."

தங்கச்சி அரக்குச் சிவப்பில் கட்டிக்கொண்டு வந்தாள். ரவிக்கை பார்த்தேன், பொட்டு பார்த்தேன், பூவில் மரிக்கொழுந்து இருந்ததால் அதை எடுக்கச் சொன்னேன். அவ்வளவு கவனமாக இருந்தேன். வளையலைப் பார்க்கவில்லை. பார்த்திருப்பேன். அது எப்போதும் அவள் கையில் இருப்பது, அவள் கையைப் போலவே. அது ஒரு நிறம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எடிட்டிங் முழுக்க உப்பளத்தில்தான் செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் வேலிக்காத்தான் மரத்தடியில் உட்கார்ந்து, தலைக்கு மேல் துண்டைப் போட்டு, அதற்குள் போனை வைத்துப் பார்ப்பேன். உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வராது, பாத்திகளிலிருந்தும் வரும். எதிரே வெள்ளைக் குவியல்கள், பாத்தியில் தண்ணீர், எல்லாம் கண்ணில் அடிக்கும். போன் திரையில் முகம் தெரிவதே பெரிய விஷயம். அந்தத் திரையில் கீழ்ப்பக்கம் ஒரு விரிசலும் இருந்தது.

துணியை நீக்கியபோது தங்கச்சியின் தலைமுடி ஓரத்தில் மட்டும் பச்சை ஒட்டிக்கொண்டு நின்றது. அது எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது. ஆப்பில் ஒரு கோடு உண்டு. அதை வலப்பக்கம் இழுக்க இழுக்க இன்னும் கொஞ்சம் பச்சை போகும். இழுத்தேன். முடி சுத்தமானது. நெற்றியோரத்துச் சுருள் முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அதைப் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் காட்டி, "பாருண்ணே, முடி பாரு" என்றேன். அவரும் முடியைத்தான் பார்த்தார்.

பிறகு அலங்காரம். ஆரம்பத்தில் தங்கக் கதவு திறக்கும். ரோஜா இதழ் கொட்டும். இருவர் பேரும் சுழன்று வந்து நிற்கும். அவள் கை அவர் கைமேல் இருக்கும் இடத்தில் படத்தை மெதுவாக ஓடவிட்டு, கையைப் பெரிதாக்கிக் கிட்டே கொண்டுவந்து, சுற்றிலும் சின்னச் சின்ன இதயங்கள் பறக்க வைத்தேன்.

வளைகாப்பு அன்று பந்தலில் ஒரு பெரிய டிவி வாடகைக்கு வைத்தோம். பெண்கள் வரிசையாக வந்து தங்கச்சிக்குச் சந்தனம் பூசி வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிக் கை நிறைந்திருந்தது. தங்கச்சியின் போனில் மாப்பிள்ளை வீடியோ காலில் இருந்தார். அவருக்கும் தெரியட்டும் என்று அந்தப் போனை டிவிக்கு எதிரே ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தேன். பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, "எல்லாரும் ஒரு நிமிஷம் டிவிய பாருங்க" என்றேன். என் குரலில் இருந்த தோரணை இப்போதும் காதில் கேட்கிறது.

கதவு திறந்தது. இதழ் கொட்டியது. கை தட்டினார்கள். தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஒரே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். "அடியே, மஸ்கட்டுக்கே போயிட்டா பாரு" என்று ஒரு பெண் கத்தினாள். தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம்.

படம் மெதுவானது. கை பெரிதாகிக் கிட்டே வந்தது. மணிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் மஸ்கட்டின் கட்டில் விரிப்பு தெரிந்தது. நீலக் கட்டம் போட்ட விரிப்பு. முழங்கையிலிருந்து வந்த கை அங்கே நின்றுவிட்டது. ஒரு இடைவெளி. அதற்கு அப்பால் உள்ளங்கையும் விரல்களும் தனியாக மாப்பிள்ளையின் கைமேல் கிடந்தன. சுற்றிலும் இதயங்கள் பறந்தன.



"ஐயய்யோ, கை எங்கடி?"

"வளையலக் காணோம். அம்மன் வளையலக் காணோமே!"

ஒரு பெண்ணின் கையிலிருந்து வளையல் போனால் அதற்கு எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். கர்ப்பிணிக்கு அது இரண்டு அர்த்தம். அதை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, எனக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நிறுத்துவதற்காக, டிவியோடு இணைத்திருந்த என் போனை எடுத்தேன். சந்தனம் ஒட்டிய விரலுக்குத் திரை வேலை செய்யவில்லை. படம் முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. தங்கக் கதவு திறந்தது.

அத்தை எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்று முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். முந்தானை வழியாக ரோஜா இதழ்கள் மங்கலாக விழுந்துகொண்டே இருந்தன. யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள்.

அப்போது தங்கச்சி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கினாள். பச்சையும் சிவப்புமாக முழங்கை வரை இருந்த வளையல்கள் எல்லாம் சேர்ந்து சத்தம் போட்டன.

"இதோ இருக்குது பாருங்க, எங்க போயிடுச்சு? எங்கண்ணன் பச்சைய எடுக்கறேன்னு பச்சையெல்லாம் எடுத்துட்டான். மிஷினுக்கு அம்மன் வளையல் தெரியுமா? போடுங்க அத்தை, மிச்சத்தப் போடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் கையைக் குலுக்குவதை நிறுத்தவில்லை. நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நாற்காலியில் சாய்த்த போனிலிருந்து மாப்பிள்ளை, "என்னாச்சு? ஏன் ஆஃப் பண்ணிட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 

உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். கற்பூரம் காட்டினார்கள். மிச்ச வளையல்களைப் போட்டு முடித்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, அழைத்துப் போக நான் கொண்டுவந்திருந்த ஆட்டோ பந்தலுக்கு வெளியே நின்றது. அத்தை என்னிடம் வந்தார்.

"ஏம்பா, உன்மேல கோவம் இல்ல. நீ வேணும்னு பண்ணல, தெரியும். ஆனா இன்னிக்கு அவ படி தாண்ட வேணாம். புள்ள நல்லபடியா பொறக்கட்டும். பொறந்ததும் நீயே வந்து கூட்டிட்டுப் போ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆட்டோவில் தனியாகத் திரும்பினேன். பின் சீட்டில் தங்கச்சிக்காக வாங்கிப் போட்டிருந்த தலையணை இருந்தது.

அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. உப்பளத்திலும் அவள் வீட்டை ஒட்டிய பாத்திகளை விட்டுவிட்டுத் தள்ளி வேலை கேட்டு வாங்கினேன். தங்கச்சி போன் பண்ணுவாள். சில சமயம் எடுப்பேன். "சாப்டியாண்ணா?" என்பாள். "ம்" என்பேன். வீடியோவைப் பற்றி அவள் பேசவே இல்லை. விடிந்ததிலிருந்து வேலைக்குப் போகும்வரை, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து அந்த வளையல்களைத் திரும்ப வைக்கப் பார்த்தேன். பழைய படத்தில் மணிக்கட்டை மட்டும் கோடு போட்டு வெட்டி எடுத்து, புதிய படத்தில் ஒட்ட வேண்டும். கை கொஞ்சம் அசைந்தால் கோட்டையும் அசைக்க வேண்டும். ஒரு நொடிப் படத்துக்கு ஒரு காலைப் பொழுது போனது. யாரும் கேட்காத வேலை. அதைச் செய்து முடித்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படியோ எனக்குள் ஒரு கணக்கு.

முடிப்பதற்குள் ஒருநாள் உப்பளத்தில் ஒருவர் ஓடிவந்தார். "உன் தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்கப்பா. வலியாம், நாள் இன்னும் இருக்குதாமே?"

நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். மூட்டையை இறக்கி வைத்தேன். ரோட்டுக்கு வந்து கீழ்புத்துப்பட்டுக்கு பஸ் ஏறினேன். வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தேன். "ஏன் தம்பி, தங்கச்சி வருதுன்னு சொன்ன?" என்றார். "வரல" என்றேன். துணிப்பையோடு குயிலாப்பாளையம் போய், பழைய கெஸ்ட் ஹவுஸில் பாத்திரம் கழுவ நின்றேன். எந்த இடத்தில் முகம் காட்ட முடியாமல் போனாலும் அடுத்த பஸ் ஏறுவது எனக்குப் பழகியது. அன்றைக்கு அது வழக்கத்தைவிடச் சுலபமாக இருந்தது.

சாயங்காலம் தங்கச்சியே கூப்பிட்டாள். "சூட்டு வலியாம்ணா. மோர் குடிக்கச் சொல்லி அனுப்பிட்டாங்க. நீ பயந்துட்டியா?"

"இல்ல" என்றேன். வீட்டை விட்டுவிட்டதைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். பிறகு தினமும் தள்ளினேன்.

பிள்ளை பிறந்தது. பெண். நல்ல எடை, நல்ல குரல். அத்தை போன் பண்ணி, "தாய்மாமன் வரலன்னா எப்டிப்பா? வா" என்றார். போனேன். பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். அதன் மணிக்கட்டில் கறுப்பு வளையல் போட்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பிறகுதான் பார்த்தேன்.

சுவரோரம் ஒரு பை இருந்தது. பிள்ளைத் துணி, தூளிச் சேலை, வசம்பு, எண்ணெய் எல்லாம் மடித்து அடுக்கியிருந்தது.

"சொன்னது சொன்னதுதான்" என்றார் அத்தை. "கூட்டிட்டுப் போ. ஃபேன் மட்டும் நேரா புள்ள மேல வேணாம்."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். அவளுக்கு முகம் எல்லாம் சிரிப்பு. "எங்க அண்ணன் வூட்டுக்குப் போறோம்" என்று பிள்ளையிடம் சொன்னாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆட்டோ பாத்துட்டு வர்றேன்" என்று வெளியே வந்து, நேராகக் கீழ்புத்துப்பட்டுக்குப் போனேன். வீடு காலியாக இருந்தாலும் இருக்கலாம். கொடியில் யாருடைய துணிகளோ காய்ந்தன. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் அடித்த சுண்ணாம்புச் சுவரில் காலண்டர் மாட்டியிருந்தார்கள். நான் மாட்டிய ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. "யாரு வேணும்?" என்றாள். "வூடு மாறி வந்துட்டேன்" என்றேன்.

திரும்பி வந்தபோது தங்கச்சி தலைக்குத் துணி கட்டி, பிள்ளையைப் போர்த்தித் தயாராக உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஆட்டோ இல்லை என்பதைப் பார்த்தாள். நான் சொன்னேன். எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிப்போன அன்றைக்குச் சாவியைக் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன்.

அவள் தலைத்துணியை அவிழ்த்தாள். பையைத் திறந்து பிள்ளைத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். அவை காய்ந்த துணிகள்தான். அத்தை அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

"அப்ப நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டியா?"

"அப்டி இல்ல."

"பின்ன?"

 கையில் போன் இருந்தது. அவளிடம் காட்டுவதற்காக, கெஸ்ட் ஹவுஸில் இருந்தபோது வளையலைத் திரும்ப வைத்து முடித்த வீடியோவைக் கொண்டுவந்திருந்தேன். அதை எடுக்கவில்லை.

தங்கச்சி கடைசித் துணியையும் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். "பச்சத் துணி வெச்சிருக்கியா, அதுவும் போச்சா?"

"இருக்குது."

"கொண்டாந்து கட்டு. நானும் புள்ளையும் உக்காந்துக்கறோம். பின்னாடி உன் வூட்ட வெச்சிடு. ஃபேன் சுத்தற மாதிரி வெய்யி. அதான் உனக்கு வருமே."

அடுப்புப் பக்கமிருந்து அத்தையின் சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. தங்கச்சியும் சிரித்தாள். நானும் சிரித்திருந்தால் அத்தோடு போயிருக்கும். என்னால் முடியவில்லை. ஏனென்றால் அந்த வீட்டின் வீடியோ என் போனில் இருந்தது. அவள் சொன்னதும், எந்தப் பக்கம் அவளை உட்காரவைப்பது என்று என் புத்தி ஒரு கணம் உண்மையிலேயே யோசித்தது.

மாப்பிள்ளை கூப்பிட்டார். தங்கச்சி போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பிள்ளையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"என்ன, தாய்வூட்டுக்குப் போயிட்டியா? வூட்டக் காட்டு பாக்கலாம்."

அவள் கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். அம்மன் வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்தன. என்னைப் பார்த்துக்கொண்டே அவருக்குப் பதில் சொன்னாள்.

"இன்னிக்கு நாள் சரியில்லன்னு அத்தை சொல்லிட்டாங்க. நாளைக்குப் போறேன்."

அடுப்புப் பக்கமிருந்து மறுப்பு வரவில்லை. நான் வெளியே வந்து செருப்பைத் தேடினேன். இருட்டுவதற்குள் கீழ்புத்துப்பட்டிலும் மரக்காணத்திலும் எந்தெந்தத் தெருவில் காலி வீடு கேட்கலாம் என்று யோசித்தபடி, இடது செருப்பை வலது காலில் நுழைத்துக்கொண்டிருந்தேன்.